வாயுவை அடக்கியவர்கள்

கிளிபோட் தன் வாழ்க்கையில் விட்ட பிழைகளை நீளத்தின்படி அடுக்கினால் ஆகச் சின்னது இதுதான். மூன்றே மூன்று சொல். ஆனால் அந்த மூன்று சொல்லால் ரொறன்ரோவின் மல்வேர்ன் சமூக நிலையத்தின் பின்பக்க அறையில் அந்தப் புதன்கிழமை கதிரை பத்தாமல் போய்விட்டது.

வழக்கமாக மூத்தோர் ஒன்றுகூடலுக்கு வருகிற சனத்தை இரண்டு மேசையைச் சுற்றி இருத்திவிடலாம். யாராவது பேச்சாளர் வந்தால் அதிலும் பாதிப் பேருக்கு அன்றைக்குப் பார்த்து முழங்கால் நோகும். இன்றைக்கோ சுவரோரமெல்லாம் ஆட்கள். ஒருவர் கையில் இஞ்சித் தேத்தண்ணி நிரப்பிய பிளாஸ்க். இன்னொருவர் மடியில் ஓமத்தண்ணிப் போத்தல். முன்வரிசையில், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தியாகலிங்கம் ஒரு கடைப்பை நிறையக் குளிசைகளோடு, டொக்டரின் அறைக்குள் தன் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்ற முகத்தோடு இருந்தார்.

கிளிபோட் பேச வந்தது பலூன்களைப் பற்றி. மனிதன் முதன்முதலாக வாயுவைப் பைக்குள் அடைத்து வானத்தில் ஏறிய கதை, பிறகு அது ஆகாயக் கப்பலாக வளர்ந்த கதை. அறிவித்தலுக்குத் தலைப்புக் கேட்டபோது ‘பலூன்களின் வரலாறு’ என்று எழுதியிருக்கலாம். ஒரு சாதாரண மனிதன் அப்படித்தான் எழுதியிருப்பான். கிளிபோட்டுக்குப் பகிடி இல்லாமல் ஒரு வசனத்தை முடித்தால் சேட்டின் ஒரு பொத்தானைப் பூட்டாமல் விட்டதுபோல இருக்கும். ஆகவே இப்படி எழுதினார்: “வாயு: அடக்கினால் உயரலாம்.”

அதைப் படித்துச் சனம் சிரிக்கும், சிரித்துக்கொண்டே வரும் என்று நினைத்தார். வாயு என்ற சொல்லுக்கு மல்வேர்னில் அறுபது வயதுக்கு மேற்பட்ட தமிழர்களிடத்தில் ஒரே ஒரு விலாசம்தான் உண்டு, அது தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அறிவித்தல் வட்ஸ்அப்பில் குழுவுக்குக் குழு பறந்தது. பறக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் அடியில் ‘இலவச ஆலோசனை’ என்றும் சேர்த்துவிட்டிருந்தார்.

“கிளிபோட்,” என்றாள் யோகராணி, கதவடியில் நின்று. குரலை நன்றாகத் தாழ்த்தியிருந்தாள். “உவையெல்லாம் ஏன் வந்திருக்கினம் எண்டு தெரியுமோ?”

“எனக்கு இவ்வளவு ரசிகர் இருக்கினம் எண்டு எனக்கே தெரியாது.”

“வயித்துக்கு மருந்து கேக்க வந்திருக்கினம்.”

“அப்ப என்ரை பேச்சைக் கேட்டா வயிறு குலுங்கச் சிரிப்பினம். அதுவும் மருந்துதானே.”

யோகராணி சிரிக்கவில்லை. கடந்த ஒரு கிழமையாகவே அவள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. ஏனென்று கிளிபோட்டுக்குத் தெரியும். அவர் இன்றைக்கு இஸ்திரி போட்ட சேட்டோடு வந்திருந்ததற்கும் அதுதான் காரணம்.

யோகராணிதான் இந்த ஒன்றுகூடலை நடத்துகிறவள். அறை எடுப்பது, பேச்சாளர் பிடிப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, யார் யாரோடு கோபம் என்று பார்த்து இருத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. புருசன் காலமாகிப் பத்து வருசத்துக்கு மேல். ஒரே மகள் துர்க்கா நாட்டின் மறுபக்கம், குளிருக்குப் பேர்போன எட்மன்டனில். துர்க்காவுக்கு இப்போது ஏழு மாசம். “அம்மா, இங்கேயே வந்திடுங்கோ, பேஸ்மன்ற் சும்மாதான் கிடக்குது,” என்று மகள் கேட்டிருந்தாள். ஒரேயடியாக வரச் சொல்லித்தான் கேட்டாள். இன்று பின்னேரம் மகள் போன் எடுப்பாள், யோகராணி முடிவு சொல்லவேண்டும்.

இதை அவள் போன புதன்கிழமை, கதிரை மடிக்கும்போது கிளிபோட்டுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். ஒரு மனிதன் தன் மனதைச் சொல்ல வேண்டிய இடம் என்று ஒன்று இருக்குமானால் அது அதுதான். கிளிபோட் சொன்னார்: “எட்மன்டன் நல்ல இடம். பிறிஜ்ஜுக்குள்ளை வைச்ச மாதிரி. ஆள் கெடாது.”

சொன்ன அடுத்த கணமே தன் நாக்கைப் பிடித்து முடிச்சுப் போடவேண்டும் போல இருந்தது. போட்டாலும் அது முடிச்சைப் பற்றி ஒரு பகிடி விட்டிருக்கும்.

கிளிபோட் மன்னார்க்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். காலையில் ஒரு ஓட்டம், பின்னேரம் ஒரு ஓட்டம். இரண்டுக்கும் நடுவில் மனிதர் சும்மா. மனைவி பல வருசங்களுக்கு முன்னரே முறைப்படி பிரிந்து மார்க்கம் நகரப் பக்கம் போய்விட்டார். போகும்போது அவர் சொன்ன கடைசி வசனத்துக்கும் கிளிபோட் ஒரு பகிடி விட்டார். பகிடி ஞாபகம் இருக்கிறது, வசனம் ஞாபகம் இல்லை. 

யோகராணியிடம் அவர் கேட்காமலும் இல்லை. “இந்தப் பிளேன்ரீக்காகவே ஒருதன் உங்களைக் கலியாணம் கட்டலாம்,” என்று ஒருமுறை, தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக. “சேர்ச்சிலை பாதர் சொல்லுறார், எனக்கு வீட்டிலை திட்ட ஆளில்லாததாலைதான் இப்பிடித் திரியிறனாம். வேலைக்கு ஆள் எடுக்கிறன், விண்ணப்பிக்கிறியளோ,” என்று இன்னொருமுறை. ஒவ்வொரு தடவையும் யோகராணி ஒரே சொல்லைத்தான் சொன்னாள்: “பாப்பம்.”

தமிழில் அந்தச் சொல்லைப்போல ஆளைக் கொல்லுகிற சொல் கிடையாது. ஓம் என்றால் ஓம். இல்லை என்றால் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு எழும்பலாம். பாப்பம் என்றால் மனிதன் எழும்பவும் ஏலாது, படுக்கவும் ஏலாது.

ஆகவே இன்றைக்குப் பேச்சு முடிந்ததும் ஒழுங்காகக் கேட்பதென்று முடிவெடுத்திருந்தார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வெறும் பஸ்ஸில் நின்று சத்தமாகச் சொல்லியும் பார்த்தார். சீற்றுகள் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. பின்னுக்கு இருந்த ஒன்றிரண்டு சம்மதிப்பதுபோலவே இருந்தன.

“தம்பி, தொடங்குமன்,” என்றார் தியாகலிங்கம். “எனக்கு ஒரு மணிக்குக் குளிசை.”

கிளிபோட் முன்னுக்குப் போய் நின்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் அத்தனை பேரின் நம்பிக்கை நிறைந்த முகங்களைப் பார்த்ததும் சொல் வரவில்லை. கதையைத் தொடங்கிவிட்டால் அவர்களாகவே விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“வாயு எண்டு சொன்னா,” என்றார், “அதிலை சில வாயு எங்களைச் சுத்தி இருக்கிற காத்தை விடப் பாரம் குறைஞ்சது. பாரம் குறைஞ்சபடியாலை மேலை மேலை வரப் பாக்கும்.”

“சரியாச் சொன்னீர்,” என்றார் தியாகலிங்கம் நெஞ்சைத் தடவியபடி. “மேலைதான் வருது. இந்த இடத்திலை வந்து நிக்குது.”

“இருநூற்றி நாப்பது வருசத்துக்கு முன்னம் ஐதரசன் எண்டு ஒரு வாயுவை வைச்சுப் பிரான்சிலை பரிசோதனை செய்தவை. அதை எப்பிடி உண்டாக்கினவை தெரியுமோ? இரும்புத்துண்டுகளுக்கு மேலை அமிலத்தை ஊத்தினவை. இரும்பும் அமிலமும் சேந்தா வாயு கிளம்பும்.”

நடுவரிசையில் பேபி அக்கா எழும்பினார். பேபி அக்கா பெயரில் மட்டும்தான் பேபி. எழுபத்திரண்டு வயது, தலை நிறைய நரை மறைக்கும் மை, குரல் மைக் தேவைப்படாத குரல்.

“அப்ப இரும்புக் குளிசை?” என்றார்.

“என்னக்கா?”

“டொக்டர் எனக்கு ரத்தம் குறைவெண்டு இரும்புக் குளிசை தந்திருக்கிறார். வயித்துக்குள்ளை அமிலம் இருக்கெண்டும் அவர்தான் சொன்னவர். அப்ப இரும்பு, அமிலம், ரெண்டும் உள்ளுக்கை சேருதெல்லே?”

கிளிபோட் இதற்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

“நான் அப்பவே சொன்னன்,” என்று பேபி அக்கா பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினார். “அந்தக் குளிசை தொடங்கின நாளிலையிருந்துதான் எனக்கு உந்த வில்லங்கம். இண்டையோட நிப்பாட்டுறன்.”

“நானும் இரும்புதான் போடுறன்,” என்றது பின்வரிசை.

“எனக்கு அது இருந்தாப்போலை தட்டுப்பட்டது,” என்றார் தியாகலிங்கம், பைக்குள் கையை விட்டு ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பார்த்தபடி. “தம்பி, உதிலை எதிலை இரும்பு எண்டு ஒருக்காச் சொல்லும்.”

மூன்று சொல் பகிடி ஒன்று, அரைமணி நேரத்துக்குள் மல்வேர்னில் பாதிப் பேரின் மருந்தை நிற்பாட்டப் போகிறது. கிளிபோட் யோகராணியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே நடுவுக்கு வந்துவிட்டிருந்தாள்.

“ஒருதரும் ஒரு குளிசையும் நிப்பாட்டக் கூடாது,” என்றாள். “கிளிபோட் டொக்டர் இல்லை. பஸ் ஓட்டுறவர். அவர் பேச வந்தது பலூனைப் பற்றி. பிள்ளையளின்ரை பிறந்தநாளுக்குக் கட்டுற பலூன். அதுக்குள்ளை இருக்கிற வாயு.”

எல்லாரும் கிளிபோட்டைப் பார்த்தார்கள்.

“நோட்டீஸ் நான்தான் எழுதினது,” என்றார் கிளிபோட். “பகிடிக்கு.”

“இந்தக் குளிருக்குள்ளை ரெண்டு பஸ் மாறி வந்தனான்,” என்றார் ஒருவர். இன்னொருவர் சால்வையை எடுத்துப் போர்த்தினார். ஓமத்தண்ணி எழும்பி நின்றது. வாசலை நோக்கி ஒரு சின்ன அசைவு தொடங்கியது.

“சாப்பாடு இருக்கோ?” என்று கேட்டார் தியாகலிங்கம், பொதுவாக.

“ரோல்ஸும் வடையும்,” என்றாள் யோகராணி. “பேச்சு முடியத்தான்.”

அசைவு நின்றது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவராக மறுபடி கதிரையில் இருந்தார்கள். 

“சரி, பலூனைச் சொல்லும்,” என்றார் தியாகலிங்கம். “வந்ததுக்கு அதையாவது கேப்பம்.”

கிளிபோட் சொன்னார். கதை அவரை இழுத்துக்கொண்டு போனது. பாரிசில் பட்டுத்துணியில் பை தைத்து, றப்பர் பூசி, இரும்பும் அமிலமுமாகப் பல நாள் பாடுபட்டு அதை நிரப்பிய கதையைச் சொன்னார். ஆளில்லாமல் அதை விட்டார்கள். மழைக்குள் அது எழும்பி மேகத்துக்குள் போனதைச் சனம் நனைந்தபடி பார்த்தது. முக்கால் மணி நேரம் பறந்து, கொனெஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது.

“அந்த ஊர்ச் சனத்துக்கு ஒண்டும் தெரியாது,” என்றார். “வானத்திலையிருந்து ஒரு பெரிய உருண்டை வந்து விழுந்து, அங்கையும் இங்கையும் புரண்டு, புஸ் புஸ்ஸெண்டு மூச்சு விடுது. கிட்டப் போனா நாத்தம்.”

“வாயு வெளிக்கிட்டா நாறும்தானே,” என்றார் பேபி அக்கா. அறை முதல்தடவையாகச் சிரித்தது.

“பூதம் எண்டு நினைச்சு முள்ளுக்கரண்டி மாதிரி இருக்கிற வைக்கோல் வாரியாலை குத்திக் கிழிச்சுப்போட்டினம். கிழிச்சதும் காணாதெண்டு, குதிரையின்ரை வாலிலை கட்டி ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு திரிஞ்சவை.”

“வேறை என்ன செய்யிறது?” என்றார் தியாகலிங்கம். “முதலே அறிவிச்சிருக்க வேணும்.”

“பிறகு அரசாங்கம் அறிவிச்சது. இப்பிடி ஒண்டு வானத்திலை வந்தாப் பயப்பிட வேண்டாம், அது பட்டுத்துணியிலை செய்த பைதான் எண்டு.”

“நோட்டீசை முதலே ஒழுங்கா எழுதியிருந்தா உந்தப் பிரச்சினை வந்திராது,” என்றாள் யோகராணி கதவடியிலிருந்து. இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. கிளிபோட்டும் சேர்ந்து சிரித்தார். அவளும் வாயின் ஒரு ஓரத்தால் சிரித்ததைக் கண்டார், கண்டதில் அடுத்த வசனம் மறந்துபோனது.

அடுத்தது ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய கதை. பிளாஞ்சார்ட் என்ற பிரெஞ்சுக்காரனும் ஜெப்ரிஸ் என்ற டொக்டரும். செலவெல்லாம் டொக்டருடையது. பேரை மட்டும் தனியே கொண்டுபோகப் பார்த்தான் மற்றவன். அதற்காகச் சேட்டுக்குள் ஈயத்தில் ஒரு பட்டி கட்டிக்கொண்டு வந்து, “பாரம் கூடிப்போச்சு, பலூன் ரெண்டு பேரைத் தூக்காது,” என்று கையை விரித்தானாம்.

“பிடிபட்டவனோ?” என்றார் பேபி அக்கா.

“பிடிபட்டான். கழட்டுவிச்சினம். பிறகு ரெண்டு பேருமாத்தான் போனவை. நடுக்கடலிலை பலூன் பதியத் தொடங்கிற்றுது. மண்மூட்டையை எறிஞ்சினம். காணாது. சாப்பாட்டை எறிஞ்சினம். நங்கூரம், துடுப்பு, போத்தில். அதுவும் காணாது. கோட்டைக் கழட்டினம். கடைசியிலை களிசானையும் கழட்டி எறிஞ்சவை.”

“ஆரு, டொக்டருமோ?”

“டொக்டரும்தான், அக்கா. அதுக்குப் பிறகும் பாரம் குறைக்க வேறை வழி பாத்தவை. உடம்புக்குள்ளை இருந்த தண்ணியையும் இறக்கினவை.”

அறை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஓமத்தண்ணிக்காரர் கண்ணைத் துடைத்தார். “உயிர் தப்பினதோ?” என்று தியாகலிங்கம் உண்மையான கவலையோடு கேட்டார். பிரான்சில் ஒரு காட்டுக்குள், கிளையைப் பிடித்து, விறைக்க விறைக்க இறங்கினார்கள் என்று கேட்டபிறகுதான் அவர் கதிரையில் சாய்ந்தார்.

பிறகு ஆகாயக் கப்பல். பலூன் காற்று போகிற பக்கத்துக்குத்தான் போகும், நாங்கள் நினைத்த பக்கத்துக்குப் போகவேண்டுமென்றால் எஞ்சின் வேண்டும், சுக்கான் வேண்டும். முதலில் செய்தவன் ஐதரசன் பைக்குக் கீழே நீராவி எஞ்சினைக் கட்டித் தொங்கவிட்டான். 

“நெருப்பையோ?” என்றார் தியாகலிங்கம்.

“நெருப்பைத்தான். புகைக்குழாயை மட்டும் கீழ்நோக்கித் திருப்பி வைச்சவன். ஆனா ஒண்டு, போகேக்கை நல்லாப் போனான். திரும்பி வரேக்கை காத்து எதிர்த்தது, எஞ்சினுக்குச் சக்தி காணாது. போன ஊரிலையே இறங்கிற்றான்.” அதைச் சொல்லும்போது எட்மன்டன் ஏனோ நினைவில் வந்தது. அவர் அவசரமாக ரொறன்ரோவுக்கு வந்தார். “ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதிலை ஒரு ஆகாயக் கப்பல் இங்கிலாந்திலையிருந்து வெளிக்கிட்டு, கடலைத் தாண்டி வந்து, இந்த ரொறன்ரோவுக்கு மேலாலையும் போனது. ரெண்டு புட்போல் கிறவுண்ட் நீளம். சனம் றோட்டிலை நிண்டு அண்ணாந்து பாத்தது.”

கடைசியாக அவர் பைக்குள்ளிருந்து டொலர் கடையில் வாங்கிய பலூனை எடுத்தார். ஈலியம் அடைத்தது. வெள்ளிநிறம், ‘ஹப்பி பேர்த்டே’ என்று எழுதியிருந்தது, அதுதான் இருந்தது. நூலின் நுனியில் ஒரு கடதாசிக் கோப்பை. பேபி அக்கா தன் பையிலிருந்து முறுக்கைக் கொடுத்தார். முறுக்கை உடைத்துக் கோப்பைக்குள் போடப் பலூன் பதிந்தது. ஒரு துண்டு எடுக்க அசைந்தது. “இன்னும் ஒண்டு எடும்,” என்றது முன்வரிசை. “காணும், காணும், உடையும் சின்னனா,” என்றது பின்வரிசை. கடைசியில் ஒரு எள்ளளவு துண்டை எடுத்ததும் பலூன் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. முகங்களின் உயரத்தில், அந்தரத்தில் நின்றது. அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“சரி,” என்றார் தியாகலிங்கம். “உது எல்லாம் நல்லது. எனக்கு ஒரு கேள்வி.”

“கேளுங்கோ அண்ணை.”

“நீர் ஏன் ஒவ்வொரு வசனமும் முடிய அந்தப் பிள்ளையைப் பாக்கிறீர்?”

எல்லாத் தலைகளும் கதவடிக்குத் திரும்பின. யோகராணியின் முகம் சிவந்தது. ஒரு வார்த்தை, உண்மையான ஒரு வார்த்தை இப்போது சொன்னால் போதும் என்று கிளிபோட் நினைத்தார். பஸ்ஸுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தும் இருந்தார்.

“ரோல்ஸ் எப்ப வரும் எண்டுதான் பாத்தனான், அண்ணை,” என்றார் அவருடைய வாய்.

சனம் சிரித்தது. கை தட்டியது. யோகராணி திரும்பிக் குசினிக்குள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தியாகலிங்கம் சிரிக்கவில்லை. அவர் கிளிபோட்டை, தபால் முத்திரை இல்லாத கடிதத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். “தம்பி,” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல். “நான் உமக்கு வழி விட்டுத் தந்தனான். நீர் அதுக்குள்ளையும் பஸ்ஸைத் திருப்பிப்போட்டீர்.”

குசினி சின்னது. ஒரு தண்ணித்தொட்டி, ஒரு அடுப்பு, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் யன்னலுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். யோகராணி ரோல்ஸைப் பெரிய தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கிய விதத்தில் ரோல்ஸின் மேல் அவளுக்கு ஏதோ கோபம் இருந்தது.

“பேச்சு நல்லா இருந்தது,” என்றாள் திரும்பாமல்.

“பகிடி ஒண்டு பிழைச்சுப்போச்சு.”

“இல்லை. எல்லாரும் சிரிச்சவை.”

“நீங்கள் சிரிக்கேல்லை.”

அவள் அடுத்த ரோல்ஸை எடுத்து அடுக்கினாள். கிளிபோட் யன்னலைப் பார்த்தார். வெளியே பார்க்கிங் லொட்டில் அழுக்குப் பனி கடைசிக் குவியலாகக் கிடந்தது. அவர் வாயைத் திறந்தார். உள்ளே மூன்று பகிடிகள் வரிசையில் நின்றன. ஒன்று ரோல்ஸைப் பற்றி, ஒன்று எட்மன்டனைப் பற்றி, மற்றது மிகவும் நல்லது. அவர் வாயை மூடினார்.

“போன கோடையிலை,” என்று தொடங்கினார், “எங்கடை ஸ்காபரோவுக்கு மேலாலை விளம்பரம் எழுதின ஒரு ஆகாயக் கப்பல் போனது, ஞாபகமோ? நீங்கள் பார்க்கிங்கிலை நிண்டு கேட்டனீங்கள், உது எப்பிடி விழாமல் நிக்குது எண்டு.”

“நீங்கள் சொன்னனீங்கள், வாடகை குடுக்கத் தேவையில்லை எண்டபடியாலை இறங்க மனமில்லாமல் நிக்குது எண்டு.”

“எனக்கு விடை தெரியாது. அதாலை அப்பிடிச் சொன்னனான். அண்டு இரவே புத்தகம் தேடத் தொடங்கினனான். குளிர்காலம் முழுக்க பஸ்ஸுக்குள்ளை இருந்து வாசிச்சது அதுக்குத்தான். இந்தப் பேச்சு சனத்துக்கு இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு.”

யோகராணி கையில் ஒரு ரோல்ஸோடு திரும்பினாள்.

“அப்ப ஏன் எனக்குச் சொல்லாமல் சனத்துக்குச் சொன்னனீங்கள்?”

“உங்களுக்குத் தனிய நேரை சொல்லப் பயம்.”

“பயமோ? உங்களுக்கோ?”

“நேரைக் கேட்டா நேரைப் பதில் வரும். இல்லை எண்டு வந்தா அதை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? பகிடியாக் கேட்டா, பகிடியா விட்டிடலாம். நீங்களும் நெடுகப் பாப்பம் எண்டுதானே சொன்னனீங்கள்.”

“வேறை என்னத்தைச் சொல்லச் சொல்லுறியள்?” யோகராணியின் குரல் ஏறியது, பிறகு கதவை நினைத்து இறங்கியது. “பிளேன்ரீக்காகக் கட்டலாம் எண்டுறியள். வேலைக்கு ஆள் எடுக்கிறன் எண்டுறியள். அதுக்கு நான் ஓம் எண்டு சொல்லி, நீங்கள், ஐயோ நான் பகிடிக்கெல்லே கேட்டனான் எண்டு சொன்னா, நான் இந்த மல்வேர்னிலை முகத்தை எங்கை வைக்கிறது? போன கிழமை எட்மன்டன் எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் பிறிஜ் எண்டியள்.”

வெளியே பேபி அக்காவின் குரல் கேட்டது. “முறுக்கை இனி எடுத்துச் சாப்பிடலாமோ, ஆராய்ச்சி முடிஞ்சுதோ?”

கிளிபோட் சேட்டின் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வசனத்தில் ஒரு சொல்கூட இப்போது இல்லை. பாரத்தையெல்லாம் எறிந்த மனிதன் நிற்பதைப்போல, களிசானைத் தவிர மற்ற எல்லாம் போன நிலையில் நின்றார்.

“யோகா,” என்றார். “நான் பகிடி விடேல்லை. எனக்கு நீங்கள் எட்மன்டனுக்குப் போறது விருப்பமில்லை. பேரப்பிள்ளையைப் பாக்கப் போங்கோ, அது வேறை. ஒரேயடியாப் போறதைச் சொல்லுறன். நீங்கள் இல்லாத புதன்கிழமை எனக்குத் தேவையில்லை. மற்ற நாளும்தான். நான் உங்களைக் கலியாணம் கட்ட விரும்புறன். நீங்கள் கோயில், நான் சேர்ச், அதுகும் தெரியும். துர்க்கா என்ன சொல்லுவாள் எண்டு தெரியாது. இப்ப உங்களைக் கேக்கிறன். உங்களுக்கு விருப்பமோ, இல்லையோ?”

சொல்லி முடித்ததும் அவருடைய வாய் பழக்கத்தில் ஒட்டிவிட ஒரு பகிடி வாலைத் தேடியது. அவர் விடவில்லை. பல்லை இறுக்கிக்கொண்டு நின்றார்.

யோகராணி கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்தாள். துடைத்த துணியை நான்காக மடித்தாள். அவள் மடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒருவன் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குப் போயே திரும்பியிருக்கலாம் என்று கிளிபோட்டுக்குத் தோன்றியது. அவள் நிமிர்ந்து அவருடைய கண்ணைப் பார்த்தாள்.

“ஓம், விருப்பம்,” என்றாள். “துர்க்காவிட்டைப் பிள்ளை பிறக்கப் போய் மூண்டு மாசம் நிப்பன், அதுக்கு மேலை நிக்க மாட்டன் எண்டு இண்டைக்குப் பின்னேரம் சொல்லுவன். உங்களைப் பற்றியும் நானே சொல்லுவன், நீங்கள் போனை வாங்கி ஒண்டும் கதைக்க வேண்டாம். பதிவுக் கலியாணம் காணும். நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவன், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போங்கோ, ஆரும் ஆரையும் மாத்தத் தேவையில்லை. எனக்கும் உங்களைக் கனகாலமாப் பிடிக்கும், கிளிபோட்.”